பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் வெளிநடப்பு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எதிர்க்காத்து ஆகாது. எங்க, திருச்சியா? நானும் திருச்சிதான். கூடப் பொறந்தவன் வீடு அங்க இருக்கு. விசேஷம் ஒண்ணும் இல்ல, சும்மா போறேன். சும்மான்னா, சும்மாவும் இல்ல. வீட்டுலருந்து வெளிநடப்பு செஞ்சுட்டு வர்றேன்.

சிரிக்கிறீங்க. சட்டமன்றத்துல எதிர்க்கட்சிக்காரங்க செய்றாங்கல்ல, அதே வெளிநடப்புதான். எந்திரிச்சேன், சொல்ல வேண்டியதச் சொன்னேன், செருப்ப மாட்டுனேன், வந்துட்டேன். மூணு நாளைக்கு அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். அப்பத்தான் என் பொண்டாட்டிக்கும் மகளுக்கும் நான் யாருன்னு உறைக்கும்.

ஆனா அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. எங்க ஸ்கூலுக்கு ஜெசிந்தான்னு ஒரு டீச்சர் வந்துச்சு. அது மூட்டுன தீதான் இன்னிக்கு என் வீடு வரைக்கும் வந்து நிக்குது. கேக்குறீங்களா? மதுரை தாண்டுற வரைக்கும் உங்களுக்கும் பொழுது போகணும்ல.

நான் சோசியல் வாத்தியார். அருப்புக்கோட்டைக்குக் கிழக்க, எய்டட் ஸ்கூல், பத்தாவது வரைக்கும். தவசிலிங்கம் சார்னு சொன்னா அந்தப் பக்கம் மில்லு வேலைக்குப் போறவன்லருந்து மிலிட்டரிக்குப் போனவன் வரைக்கும் எந்திரிச்சு நிப்பான். என்கிட்ட ஒரே முறைதான். கேள்விய போர்டுல எழுதுவேன், விடைய வாசிப்பேன், பிள்ளைங்க எழுதிக்கிரும். மறுநாள் ஒப்பிக்கணும். தப்பு விட்டா பத்துத் தடவை எழுதிட்டு வரணும். கல்வின்னா அவ்வளவுதான். சட்டம் இயற்றப்படும் முறைன்னு ஒரு பெரிய கேள்வி இருக்கு. முதல் வாசிப்பு, ரெண்டாம் வாசிப்பு, மூணாம் வாசிப்பு, கடைசியில ஆளுநர் ஒப்புதல். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைங்க சொல்லும். அர்த்தம் கேட்டீங்கன்னா முழிக்கும். அர்த்தத்துக்கு மார்க் கிடையாது தம்பி.

இந்த ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. ஸ்கூட்டர்ல வரும். ஹெல்மெட்டக் கழட்டிக்கிட்டே "குட்மார்னிங் சார்"னு சொல்லும். வண்டிய விட்டு எறங்கி, ஒழுங்கா நின்னு சொல்லணும்னு கூட யாரும் சொல்லிக் குடுக்கல. பத்தாவதுல ரெண்டு பிரிவு. அ எனக்கு, ஆ அதுக்கு. போன வருஷம் என் மக நிறைமதி பத்தாவது. சொந்த மகளுக்கே பாடம் எடுத்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவான்னு நானே அவள ஆ பிரிவுல போடச் சொன்னேன். அது என் பெருந்தன்மை. அதுக்குக் கெடச்ச மரியாதையத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

ஒரு நாள் நான் அ பிரிவுல விடை வாசிச்சுக்கிட்டு இருக்கேன். பக்கத்து ரூம்ல கடமுடான்னு சத்தம். பெஞ்ச இழுக்குறாங்க. போய் எட்டிப் பாத்தா, எல்லா பெஞ்சையும் அரைவட்டமாப் போட்டு, நடுவுல வாத்தியார் நாற்காலிய ஒரு மேசை மேல தூக்கி வச்சுருக்கு. அதுல ஒரு பய உக்காந்துருக்கான்.

"என்ன டீச்சர், கல்யாணப் பந்தியா?"ன்னு கேட்டேன்.

"இல்ல சார், சட்டமன்றம். அவன் சபாநாயகர்."

"பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளைங்க டீச்சர்."

"அதுக்குத்தான் சார். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சு பாத்துறட்டும்னு."

செஞ்சு பாக்குறதுக்கு அது என்ன ரசமா? சட்டத்த செஞ்சு பாக்குறதுக்குன்னு கோட்டையில ஆள் இருக்காங்க. அவங்களே ஒழுங்காச் செய்யக் காணோம். இந்தப் பொண்ணு வந்து பெஞ்சு போட்டுச் செய்யப் போகுது. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். என் சிரிப்புல இருந்த அர்த்தம் அதுக்குப் புரிஞ்சுருக்கணும், புரியல.

அதோட விட்டுருந்தா விளையாட்டுன்னு போயிருக்கும். அது நேரா எச்.எம். அம்மாகிட்டப் போயிருக்கு. எங்க எச்.எம். அம்மா நல்லவங்க, அதத் தவிர வேற குறை சொல்ல முடியாது. "நீங்கதான் மேடம் ஆளுநர். பிள்ளைங்க முறைப்படி ஒரு சட்டம் நிறைவேத்துனா நீங்க ஒப்புதல் குடுத்து, இந்த வருஷம் முழுக்க நம்ம ஸ்கூல்ல அத நடைமுறைப்படுத்தணும்"னு கேட்டுருக்கு. அந்த அம்மாவும் சரின்னுட்டாங்க. ஆளுநர்னு சொன்னதும் மனசு குளுந்துபோச்சு. நான் கேட்டேன், "மேடம், ஸ்கூல மூடணும்னு சட்டம் போட்டா மூடிருவீங்களா?" "அப்படிப் போட மாட்டாங்க சார்"னாங்க. பிள்ளைங்க மேல அவ்வளவு நம்பிக்கை. நான் இத்தன வருஷமா பிள்ளைங்களோட இருக்கேன், ஒருத்தனயும் நம்புனதில்ல. அதனாலதான் என்னைய ஒருத்தன் ஏமாத்துனதில்ல.

என்ன சட்டம் கொண்டு வந்தாங்கன்னு கேளுங்க. எங்க ஸ்கூல்ல காலையில வகுப்பறையக் கூட்டுறது பொம்பளப் பிள்ளைங்க. கூட்டுறதுக்கு ஆள் போட்டுருந்தது நின்னு ரொம்ப நாளாச்சு. பிள்ளைங்க அரை மணி நேரம் முன்னாடி வந்து கூட்டிரும். ஆம்பளப் பயலுக கிரவுண்டுல விளையாடுவானுக. ஸ்டாஃப் ரூம்ல எங்களுக்குப் பானையில தண்ணி புடிச்சு வச்சு, டம்ளரக் கழுவிக் கவுத்திட்டுப் போகும். என் டிபன் பாக்ஸையும் கழுவி வச்சுரும். யாரும் சொல்லி இல்ல. அது ஒரு பழக்கம். நல்ல பழக்கம். புகுந்த வீட்டுல போய் உக்காந்தா பேச்சு வாங்காம இருக்கும்.

இதுல மண்ண அள்ளிப் போடுற மாதிரி ஒரு சட்டம். வகுப்பறைத் துப்புரவுப் பங்கீட்டுச் சட்டம்னு பேரு. ஆணும் பெண்ணும் வாரம் மாத்தி வாரம் கூட்டணும். எந்த அமைச்சர் கொண்டு வந்தான்னு நெனைக்கிறீங்க? அமைச்சர் நிறைமதி. என் மக. வீட்டுல வாயத் திறந்தா அஞ்சு வார்த்தை பேசாது. அங்க எந்திரிச்சு நின்னு, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு, தொடப்பம் ஏன் ஒரு பக்கமே இருக்குன்னு முழு பீரியட் பேசிருக்கு. ஸ்டாஃப் ரூம் சுவரு மெலிசு. எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. நல்லாத்தான் பேசுனா. உச்சரிப்பு சுத்தம், அது என்கிட்டருந்து வந்தது. விஷயம்தான் வெறும் குப்பை.

தோத்துப் போகும்னு எனக்கு நிச்சயம். கணக்கு இருக்குல்ல. அந்த வகுப்புல பயலுக முப்பது பேர் சொச்சம், பொம்பளப் பிள்ளைங்க அதுல பாதி கூட இல்ல. எதிர்க்கட்சித் தலைவர் முனீஸ். டிராக்டர் ஓட்டுறவர் மகன், நல்ல குரல் உள்ள பய. மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஏழெட்டுப் பேரோட என்கிட்ட வந்தான்.

"சார், நாளைக்கு ஓட்டெடுப்பு. நாங்க அத்தன பேரும் வேணாம்னு கையத் தூக்குனா முடிஞ்சுது, இல்லையா சார்?"

எனக்கு அவனப் பாத்துப் பாவமாப் போச்சு. அரசியல் தெரியாத பய. "ஏண்டா, கையத் தூக்கித் தோக்கடிக்கிறதுல என்னடா இருக்கு? அத எவனும் செய்வான். மறுநாள் ஒருத்தனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். வெளிநடப்பு செய்யணும்டா"ன்னேன்.

"வெளியப் போகணுமா சார்?"

"சும்மா போகக் கூடாது. ஓட்டெடுப்புன்னு சபாநாயகர் வாயத் திறந்ததும் எல்லாரும் எந்திரிக்கணும். தாளக் கிழிச்சு வீசணும். 'கறுப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு'ன்னு கோஷம் போட்டுக்கிட்டே வேப்ப மரத்தடிக்கு வந்துரணும். பாதிக்கு மேல ஆள் வெளிய வந்துட்டா அப்புறம் என்ன சபை, என்ன ஓட்டு? அந்த டீச்சர் பேந்தப் பேந்த முழிக்கும்."

முனீஸ் தலையச் சொறிஞ்சான். "நாங்க வெளிய வந்துட்டா எங்க ஓட்டு சார்?"ன்னான்.

"அதிகமாக் கேள்வி கேக்காத. முப்பது வருஷமா இதே பாடம் நடத்துறேன்"னு சொன்னேன். வாய மூடிட்டான்.

டிக்கெட்டா? இந்தாப்பா. சில்லறை அப்புறம் குடு, ஆனா குடுத்துரு. இவனுககிட்ட இப்படிச் சொல்லி வைக்கலன்னா எறங்குறப்ப மறந்துருவானுக தம்பி.

மறுநாள் எனக்கு அந்த பீரியட் ஃப்ரீ. வேப்ப மரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். சொன்ன மாதிரியே வந்தானுக. அடடா, என்ன சத்தம். முப்பது பேரும் தாளக் கிழிச்சு வீசிட்டு, கையத் தூக்கிக்கிட்டு, கோஷத்தோட வந்தானுக. சபாநாயகர் பய மட்டும் மேசை மேல மாட்டிக்கிட்டான், அவனால எறங்க முடியல. நான் ஒரு குச்சிய ஒடிச்சு முனீஸ் வாய்க்கு நேரா நீட்டி, நிருபர் மாதிரி கேட்டேன். "எதற்காக வெளிநடப்பு செய்தீர்கள்?" அவனும், "ஜனநாயகப் படுகொலை"ன்னான். சும்மா சொல்லக் கூடாது, அப்படியே டிவியில பாக்குற மாதிரி இருந்துச்சு. அந்த டீச்சர் ஒரு மாசமா சொல்லிக் குடுத்தத நான் ஒரே நாள்ல தூக்கிச் சாப்பிட்டேன்.

நாங்க அங்க பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கோம், உள்ள மேசையத் தட்டுற சத்தம் கேக்குது. தட தட தடன்னு. சட்டமன்றத்துல ஒண்ணு நிறைவேறுச்சுன்னா தட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. நான் மொதல்ல ஏதோ பெஞ்சு ஆடுதுன்னு நெனச்சேன். ஓடிப் போய் எட்டிப் பாத்துட்டு வந்த பய மூஞ்சி செத்துப் போய் வந்தான். "சார், பாஸாயிருச்சு சார்."

எப்படிப் பாஸாகும்? பாதிக்கு மேல ஆள் வெளிய இருக்கான். நேரா உள்ள போய்க் கேட்டேன். அந்த டீச்சர் மெதுவா என் மகளப் பாத்துச்சு. என் மக எந்திரிச்சு, கையக் கட்டி, கண்ண மூடாத குறையா ஒப்பிச்சா. "சட்டமன்றக் கூட்டம் நடைபெறக் குறைந்தபட்சம் பத்து உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், இவற்றில் எது அதிகமோ அவ்வளவு பேர் அவையில் இருக்க வேண்டும். அவையில் இருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையினர் ஆதரித்தால் சட்டமுன்வடிவு நிறைவேறும்." கமா, புள்ளி எல்லாம் என் விடை தம்பி. வீட்டுல வச்சு நான் பத்துத் தடவை எழுத வச்சது. ஒரு எழுத்து மாறல. அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு பெருமைதான். என் விடைய வச்சுத்தான் அவங்களுக்கு அந்தக் காரியமே ஆச்சு. அந்த டீச்சர் நடத்துனதுல என்ன இருக்கு?

இதுல இன்னொண்ணு. எதிர்த்துப் பேச ஆள் இல்லன்னதும் கடைசி நேரத்துல ஒரு திருத்தம் வேற சேத்துருக்காங்க. ஆசிரியர்கள் தங்கள் டம்ளரையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் தாங்களே கழுவிக்கொள்ள வேண்டும். கொண்டு வந்தது யாரு, என் மகதான். பயலுக உள்ள வந்து, "திருப்பி ஓட்டெடுங்க டீச்சர்"னு கெஞ்சுனானுக. ஒரே கூட்டத்தொடர்ல முடிஞ்ச விஷயத்த மறுபடி எடுக்க முடியாதுன்னு சபாநாயகர் பய சொல்லிட்டான். அவனும் ஆம்பளதான். நாற்காலியில உக்காந்தா மூளை திரும்பிருது. சாயங்காலம் ஆளுநர் அம்மா பச்சை மையில கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் போய், "நிறுத்தி வைங்க மேடம், கொஞ்ச நாள் கிடப்புல போடுங்க"ன்னு சொன்னேன். "பிள்ளைங்க முறைப்படி செஞ்சுருக்காங்களே சார்"னாங்க. சொன்னேன்ல, நல்லவங்க.

பெத்தவங்க வந்து சண்டை போடுவாங்க, அதோட முடிஞ்சுரும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். முனீஸோட அம்மா வந்துச்சு. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன், "பாரும்மா, உன் மகன் தொடப்பத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்". அது கொஞ்ச நேரம் பாத்துச்சு. சேலைய வாயில வச்சு ஒரே சிரிப்பு. "மூலைய விட்டுட்டான் சார், அதையும் கூட்டச் சொல்லுங்க. வீட்டுக்கும் இந்தச் சட்டம் செல்லுமா சார்?"னு கேட்டுட்டுப் போயிருச்சு. இந்த மாதிரி சனங்கள வச்சுக்கிட்டு என்ன செய்ய? பயலுகளும் நாலு நாள் மொனங்குனானுக, அப்புறம் பழகிட்டானுக. மானம் கெட்டவனுக. கடைசியில எந்த வரிசை சுத்தமாக் கூட்டுதுன்னு போட்டி வேற.

நான்? நான் என் டம்ளர நானே கழுவுறேன். இத்தன வருஷ சர்வீஸ்ல குழாயடியில நின்னு டிபன் பாக்ஸ் கழுவுறேன். முதல் நாள் அந்த டீச்சர் பக்கத்துக் குழாயில கழுவிக்கிட்டு இருந்துச்சு. "சார், உங்களுக்கு நன்றி சொல்லணும். நீங்க மட்டும் பசங்கள உள்ளயே இருக்கச் சொல்லியிருந்தா அந்தச் சட்டம் தோத்துருக்கும் சார்"னுச்சு. அதுக்கு அந்த மட்டுமாவது நன்றி சொல்லத் தெரிஞ்சுருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்.

பரீட்சையில அந்தக் கேள்வி வந்துச்சு. ஆ பிரிவுல ஒருத்தன் விடாம எழுதிருக்கான். பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு நூத்துக்கு நூறு. அ பிரிவுல நூறு இல்ல. அது பேப்பர் திருத்துனவன் கோளாறு.

அந்த நூறுல ஒண்ணு என் மக. அங்கதான் வீட்டுல தொடங்குச்சு. தெருவுல எல்லாரும் கேக்குறாங்க, மகளுக்கு டாக்டரா இன்ஜினியரான்னு. இவ என்ன சொல்றா தெரியுமா? மதுரையில ஒரு பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலாம், ஹாஸ்டலோட. அங்க பதினொண்ணாவதுல வரலாறு, அரசியல் அறிவியல் குரூப்பு. அது முடிச்சுச் சட்டக் கல்லூரி. வக்கீலாகணுமாம். சட்டசபைக்குச் சட்டம் எழுதிக் குடுக்குறவங்க இருக்காங்களாம், அந்த வேலை வேணுமாம்.

"வரலாறு படிச்சு எவன் உருப்பட்டான்?"னு கேட்டேன். வீட்டுல ஆத்தாளும் மகளும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எதுக்குப் பாத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

நான் என்ன படிக்க வேணாம்னா சொன்னேன்? உள்ளூருக்குப் பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. கணக்கு, சயின்ஸ் எடு. காலையில போ, சாயங்காலம் வா. அவ அம்மாவுக்கும் முட்டி வலி. வாசல் தெளிக்க, ரெண்டு பாத்திரம் வெளக்க, எனக்குத் தண்ணி மோந்து குடுக்க வீட்டுல ஒரு ஆள் வேணுமா இல்லையா? மூத்தவன் கபிலன் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கானேன்னு கேக்குறா. அவன் ஆம்பள. நாலு இடம் பாத்தாத்தான் தைரியம் வரும். நாலு அரியர் வச்சுருக்கான், அது வேற விஷயம்.

இன்னிக்குக் காலையில சந்தனமாரி, அதான் என் வீட்டுக்காரி, எப்பவும் அடுப்படி நிலையில சாஞ்சுக்கிட்டுப் பேசுறவ, ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு எனக்கு எதுத்தாப்புல உக்காந்தா. பக்கத்துல மக.

"ஸ்கூல்ல சேர நாளைக்குக் கடைசி நாளாம். இன்னிக்கே பேசி முடிச்சுருவோம்"னா.

"பேசுறதுக்கு என்ன இருக்கு?"ன்னேன்.

"இருக்குங்க. அவ படிக்கட்டும். எனக்குத் தண்ணி மோந்து குடுக்க ஆள் வேணாம். நான் பத்தாவதோட நின்னேன். அன்னிக்கும் இப்படித்தான் அடுப்படிக்கு ஒரு ஆள் வேணும்னாங்க."

இத்தன வருஷத்துல அவ பத்தாவது படிச்சவன்னே எனக்குத் தெரியாது தம்பி. எட்டாவதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சரி, அது எதுக்கு இப்ப. ரெண்டு பேரும் ஒரு பக்கமாப் பேசுறத வச்சே இது ஏற்கெனவே கூடிப் பேசுனதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல அங்க உக்காந்து பதில் சொல்லிக்கிட்டு இருந்தா எனக்கு என்ன மரியாதை? எந்திரிச்சேன். "இந்த வீட்டுல முடிவெடுக்குறவன் நான். நான் இல்லாம எப்படி எடுக்குறீங்கன்னு பாக்குறேன். நான் கெளம்புறேன்"னேன்.

"எங்க?"

"தம்பி வீட்டுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"மூணு நாளைக்கு."

சந்தனமாரி உள்ள போய், மேல கம்பியில வச்சுருக்கேன்ல, அந்தப் பையோட வந்தா. பாருங்க, வேட்டி, துண்டு, பிரஷர் மாத்திரை, புளிச்சோறு எல்லாம் இருக்கு. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள கட்டி முடிச்சுட்டா. அவ்வளவு பயம். என் மக, "வெளிநடப்பாப்பா?"ன்னு கேட்டா. "ஆமாடி"ன்னேன். "சரிப்பா. போனுக்கு சார்ஜ் ஏத்திருக்கேன், ஆஃப் பண்ணிராதீங்க"ன்னு கையில குடுத்தா. ஆயிரம் இருந்தாலும் பெத்த பிள்ளை. அப்பன் ஒத்தையில போறான்னு மனசு கேக்கல. நான் வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு இருக்கேன், உள்ள தட தடன்னு தட்டுற சத்தம். காலையிலயே அடை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க போல. நான் சாப்பிடாமக்கூட வந்துட்டேன்.

நாளைக்கு முடிஞ்சா முடிஞ்சுது. அந்த ஸ்கூல்ல அப்பன் சம்மதம் இல்லாமச் சேக்க மாட்டானாம். நானே அங்க ஒரு ஆளப் புடிச்சு விசாரிச்சுட்டேன். சம்மதம்னா கையெழுத்துதான? அந்தக் கை இந்த பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு. நான் அங்கயே இருந்துருந்தா அழுவாங்க, கெஞ்சுவாங்க, ஒரு பலவீனத்துல போட்டாலும் போட்டுருப்பேன். இப்ப என்ன செய்வாங்க? எதிர்த்து ஓட்டுப் போடுறத விட இதுதான் பலம். வேப்ப மரத்தடியில பயலுகளுக்கு நான் சொல்லிக் குடுத்ததும் இதத்தான். அவனுக ஒழுங்காச் செய்யல, அதான் தோத்தானுக.

இருங்க, போன் அடிக்குது. யாரு, சந்தனமாரியா? பாத்தீங்களா. மேலூர் கூட வரல.

ஹலோ. ம். சொல்லு. ம்... என்ன? பஸ்ஸுல சத்தமா இருக்கு, கத்திச் சொல்லு. கேஸா? ஓ. சரி. சரி, இரு.

கேஸ் சிலிண்டர் புக் பண்றாங்களாம் தம்பி. என் போனுக்குத்தான் ஒரு நம்பர் வருமாம், அதச் சொன்னாத்தான் பதிவாகுமாம். எப்படி இருக்கு பாருங்க. காலையில நாற்காலி போட்டு உக்காந்த ஆளு. அடுப்பு எரியணும்னா என்னையத்தான் கேக்க வேண்டியிருக்கு. டிங்குனுச்சுல்ல, வந்துருச்சு. என் கண்ணாடி மேல பைக்குள்ள இருக்கு, எந்திரிச்சா இவன் பிரேக் போடுவான். நீங்களே படிச்சுச் சொல்லுங்க தம்பி.

என்ன, பாத்துக்கிட்டே இருக்கீங்க? இங்கிலீஷ்ல நீளமா இருக்கும், அதெல்லாம் வேணாம். என் மக பேரா? நிறைமதி. அதான் அப்பவே சொன்னேனே. அவ பேர் போட்டுருக்கா? போட்டுருக்கும். போன்ல புக் பண்றதெல்லாம் அவதான். நம்பர மட்டும் சொல்லுங்க, அங்க காத்துக்கிட்டு இருக்காங்க.

"சம்மதமா சார்?"னா? என்ன தம்பி கேள்வி இது? நம்பரச் சொல்றதுக்கு என் சம்மதம் எதுக்கு? முழுச் சம்மதம், சொல்லுங்க.

ஹலோ, எழுதிக்கோ. ஏழு. நாலு. நாலு. ஒண்ணு. அப்புறம் தம்பி? எட்டு. ரெண்டு. ம், அவ்வளவுதான். சரியா? ஆயிருச்சா? சரி. நான் மூணு நாள் கழிச்சுத்தான் வருவேன், அதுல மாத்தமில்ல. வைக்கிறேன்.

வைக்கிறதுக்குள்ள அங்க மறுபடியும் தட தடன்னு தட்டுறாங்க. இந்த வீட்டுல இன்னிக்கு எத்தன அடைதான் தட்டுவாங்களோ. பாத்தீங்களா தம்பி, நான் ஒருத்தன் வெளிய வந்துட்டா அந்த வீட்டுல ஒரு சிலிண்டர் கூடப் பதிய முடியல. வெளிநடப்போட பலம் இப்பத் தெரிஞ்சுதா?

அது சரி, நீங்க ஏன் முன்சீட்டுக் கம்பிய அந்தத் தட்டு தட்டுறீங்க?